வானம்பாடியின் தூதுப் பாட்டு

ஆறு ஒன்று இரண்டாகப் பிரித்த காட்டில் ஒரு வானம்பாடி வாழ்ந்தது. அது வாய் திறந்தால் இரு கரையிலும் எல்லோரும் அசையாமல் நின்று கேட்பார்கள். அந்தப் புகழ் வானம்பாடிக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒருநாள் இக்கரையில் இருந்த கிழட்டு ஓநாய் அதை அழைத்தது.

"பாடகியே, அக்கரை மான்கள் எங்களைக் கண்டாலே நடுங்குகின்றன. நீ போய்ப் பாடு. நட்பு வளரட்டும்."

"நான் பாடினால் பகை தீருமா?"

"உன் பாட்டுக்கு மயங்காதவர் யார் இருக்கிறார்கள்?"

வானம்பாடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே ஆற்றைத் தாண்டிப் பறந்தது. ஓநாயும் மானும் ஒரே துறையில் நீர் குடிப்பதாகப் பாட்டுக் கட்டிப் பாடியது. குட்டிகள் அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தன. வயதான மான்களும் தலையாட்டின.

மான்களுக்குக் காவல் இருந்த ஆள்காட்டிக் குருவி மட்டும், "புதரில் ஓநாய் நடமாட்டம்! ஓடுங்கள்!" என்று கத்தியது.

"பாட்டைக் கெடுக்காதே!" என்று மான்கள் அதை விரட்டியடித்தன.

வானம்பாடி தடுக்கவில்லை. இடைஞ்சல் ஒழிந்தது என்று அதற்கு நிம்மதி.

அன்று மாலை ஓநாய்கள் ஆற்றைக் கடந்தன. நண்பர்கள் வருவதாக எண்ணி மான்கள் எதிர்கொண்டு போயின. ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை.

வானம்பாடி அலறிக்கொண்டு கிழட்டு ஓநாயிடம் வந்தது. "நட்பு என்றாயே, பாவி!"

ஓநாய் வாயை நக்கிக்கொண்டது. "நன்றாகத்தான் பாடினாய். அடுத்து முயல்மேட்டுக்குப் போ."

"போவேன். உன் வஞ்சகத்தைச் சொல்லத்தான் போவேன்!"

ஓநாய் அதைத் தடுக்கவில்லை. தன் கூட்டத்தோடு பின்னாலேயே நடந்தது.

முயல்மேட்டில் வானம்பாடி கதறியது. "ஓநாய்கள் வருகின்றன! மான்களைக் கொன்றுவிட்டன! வளைக்குள் ஓடுங்கள்!"

"வானம்பாடி வந்திருக்கிறது!" என்று முயல்கள் வளைகளை விட்டு வெளியே குதித்தன. "ஆகா, சோகப் பாட்டு! என்ன குரல்!"

"ஐயோ, இது பாட்டில்லை!"

"இன்னொரு முறை! இன்னொரு முறை!"

வானம்பாடி வாயை மூடிக்கொண்டது. முயல்கள் கலையவில்லை. அடுத்த பாட்டு எப்போது தொடங்கும் என்று வெட்டவெளியில் உட்கார்ந்து காத்திருந்தன.

மேட்டைச் சுற்றி ஓநாய்கள் நெருங்கின.

நீதி: வஞ்சகருக்காகத் தூது போன குரல், பின்னர் உண்மையைச் சொன்னாலும் எவரையும் காப்பாற்றாது.