அரசருக்குப் பிடித்தது

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை மிகுதியாகவும் இருந்த நாளிலே, ஒரு ராஜா தேரில் போகும்போது ஊர்க்குளத்து அல்லிப் பூக்களைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்று முதல் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் அல்லிக்குளம். அதை அரண்மனைக்குள் அடைத்துக்கொள்ள வேண்டுமாம்! ஊருக்குக் குடிக்க வேறு தண்ணீர் இல்லை என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

சபையில் எழுந்து நின்று அதைச் சொன்னவன் விகடகவி மருதப்பன் ஒருவன்தான்.

"பிரபு, தாங்கள் பார்த்தது பூவை. ஊர் பார்ப்பது தண்ணீரை. குளத்தை அடைத்தால் குழந்தை குட்டிகள் நாக்கு வறண்டு சாகும்."

பிரதானி திருமேனிநாதருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா?

"மகாராஜாவின் விருப்பமே நாட்டுக்குச் சட்டம். அரசருக்கு எது பிடித்திருக்கிறதோ, அதைச் சுற்றி இந்த மருதப்பனே மதில் எழுப்பட்டும்! தவறினால் தலை போகட்டும்!"

"அப்படியே ஆகுக," என்றார் ராஜா. "ஒரு சொல்லும் பிசகக் கூடாது."

தலை போனாலும் சரி, குளத்தங்கரையில் ஒரு செங்கல்கூட வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் மருதப்பன் வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் பிரதானியின் வார்த்தைகளை மறுபடி மென்று பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை ராஜா நந்தவன மண்டபத்தில் திருமேனிநாதரோடு சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தார். ஊரே செங்கல்லும் சாந்துமாக வந்து இறங்கியது. சத்தம் கேட்டு ராஜா என்னவென்றார். "தங்கள் மதில் வேலைதான், பிரபு," என்று பல்லிளித்தார் பிரதானி. ராஜா மறுபடி அல்லிப் பேச்சில் ஆழ்ந்துவிட்டார். வெயில் ஏறித் தாகம் எடுத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். நாலு பக்கமும் உயரமாகச் சுவர். வாசலே இல்லை.

"யாரங்கே! தண்ணீர்!"

சுவருக்கு மேலே மருதப்பனின் தலை தெரிந்தது. ஏணியில் நின்றான். கும்பிடவில்லை.

"தண்ணீர் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, பிரபு."

"என்ன திமிர்! குளத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னால் என்னைச் சுற்றிக் கட்டுகிறாயா?"

"கட்டளையில் குளம் என்ற சொல்லே இல்லையே. அரசருக்கு எது பிடித்திருக்கிறதோ அதைச் சுற்றி என்றார்கள். அரசருக்குப் பிடித்திருப்பது பைத்தியம், பிரபு. அது தங்களை விட்டு இறங்கியிருந்தால் தனியாக அடைத்திருப்பேன். இறங்கவில்லை. தங்களையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியதாயிற்று."

"நான் எதற்கடா உள்ளே?" என்று அலறினார் திருமேனிநாதர்.

"தாங்கள் அரசரைக் காக்காய் பிடிப்பவர், ஐயா. பிடித்த கையை விடச் சொல்ல நான் யார்?"

ராஜாவின் முகம் சிவந்தது. இவன் தலையை வாங்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு காலைப் பொழுதுக்கே தங்களுக்கு இப்படி," என்றான் மருதப்பன். "ஊர் எத்தனை நாள் தாங்கும்? தலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தைக் கேட்காதீர்கள்."

ராஜா அவனையே பார்த்தார். பிறகு வியர்த்துக் கொட்டியபடி இன்னும் பல்லிளித்துக்கொண்டிருந்த பிரதானியைப் பார்த்தார். வறண்ட தொண்டையிலிருந்து சிரிப்பு இருமலாகப் பீறிட்டது.

"அடே மருதப்பா, இறங்கிவிட்டதடா! குளம் ஊருக்கே இருக்கட்டும். சுவரை இடி!"

முதலில் ஒரு செம்பு குளத்துத் தண்ணீரை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மருதப்பன் சுவரில் கை வைத்தான். வெளியே வந்த ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும்? கேள்!"

"இந்தச் செங்கல் வேண்டும், பிரபு. குளத்துக்குப் படித்துறை இல்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் சேற்றில் வழுக்கி விழுகிறார்கள்."

"தந்தோம். சுமக்க ஆள்?"

மருதப்பன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பிரதானி திருமேனிநாதர் பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடு கட்டி, முதல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தார்.