இறக்கைச் சத்தம் கேட்காத நாட்கள்

"ஏங்க, கொஞ்ச நாளா அந்த இறக்கைச் சத்தமே காணோமே! அவர் இனிமே வரமாட்டார்னுதான் தோணுது."

மலையணில் தன் கணவனிடம் மெதுவாகத்தான் சொன்னது. ஆனாலும் அயனி மரத்தின் பொந்துக்குள் இருந்த நகோமியின் காதில் அது விழுந்துவிட்டது.

நகோமி ஓர் இருவாட்சிப் பறவை. இருவாட்சிகளின் வழக்கம் விசித்திரமானது. முட்டையிடும் காலத்தில் தாய்ப் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சிறு இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும்.

இருவாட்சிகளின் முதல் தாய் இப்படி அடைபட்டு உட்காரப் பயந்ததாம். அப்போது கர்த்தர் அதற்கு ஒரு வாக்குக் கொடுத்தாராம். "பயப்படாமல் உள்ளே இரு. உன் ஆகாரம் உன் வாயருகே வரும். நான் உன்னை மறக்கமாட்டேன்."

அந்த வாக்கைச் சொல்லிக்கொண்டேதான் நகோமியும் சுவர் வைத்தாள்.

அவள் கணவன் தீத்து பறந்து வந்தால் அடுத்த மலையிலேயே தெரிந்துவிடும். மரங்களின் மேல் மழை ஏறி வருவதுபோல அவன் இறக்கைகள் இரையும். ஒரு பெருங்காற்று அடித்த நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. இலைகள் அசைந்தாலும் நகோமி தலையைத் தூக்குவாள். வெறும் காற்றாக இருக்கும். மறுபடி தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

"அம்மா, அப்பா எப்போ வருவார்?" என்றது பொந்துக்குள் பொரித்திருந்த குஞ்சு.

"வருவார்டா கண்ணு."

"எப்போ?"

அது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நண்பகலில் மரப்பட்டையில் நகம் உரசும் சத்தம் கேட்டது.

"யாரது?"

"உடும்பண்ணன்தான் தங்கச்சி! பக்கத்துப் பாறைதான் நம்ம வீடு. நீ பட்டினி கிடக்கறேன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல! கீழே அத்திப்பழம் கொட்டிக் கிடக்கு. சுவரை உடைச்சிட்டு இறங்கி வா!"

"ஆகாரம் வாயருகே வரும்னு கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கார், அண்ணா."

"கொடுத்தார், சரி. எந்த நாள், எந்த நேரம்னு சொன்னாரா?"

"இல்லை."

"பார்த்தியா! நீயே முயற்சி பண்ணணும்னுதான் அதைச் சொல்லாம விட்டிருக்கார்!"

நகோமி குஞ்சைப் பார்த்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் அது சுருண்டு கிடந்தது. அவள் திரும்பிச் சுவரில் ஓங்கிக் கொத்தினாள். ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது.

"அப்படித்தான்! இன்னும் கீழே இடி! குஞ்சு வெளியே வர்ற அளவுக்கு இருக்கட்டும்!"

நகோமியின் அலகு நின்றது.

"அண்ணா, பழம் பொறுக்க வரப்போறது நான். குஞ்சுக்கு எதுக்கு வழி?"

"அது... பிள்ளைக்கும் கொஞ்சம் காத்து வேணாமா?"

உடைந்த ஓட்டை வழியாக இப்போது உடும்பின் முகம் தெரிந்தது. அது நகோமியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கிடந்த குஞ்சைப் பார்த்து நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அதன் மூக்கில் நகோமி ஒரு போடு போட்டாள்!

"ஐயோ!" உடும்பு சறுக்கிக்கொண்டே கீழே போனது. "கிட! பட்டினியா கிட! யாரும் வரப்போறதில்ல!"

நகோமி பொந்துக்குள் காய்ந்து கிடந்த எச்சத்தையும் பழக்கொட்டைகளையும் எச்சிலால் நனைத்து, பெயர்ந்த இடத்தை மறுபடி பூசினாள். பூசி முடித்தபோது பசி முன்பைவிட அதிகமாக இருந்தது.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. நீர் எப்போ செய்வீர்னு எனக்குத் தெரியல. நீர் சொன்னது மட்டும் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்று ஜெபித்தாள்.

வெளிச்சம் மங்கியது. குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். எங்கும் இறக்கைச் சத்தம் இல்லை.

மறுநாள் காலையில் மரப்பட்டையில் மறுபடி நகம் உரசும் சத்தம் கேட்டது. உடும்புதான் திரும்பி வந்துவிட்டது என்று நகோமி அலகை ஓங்கினாள்.

இடுக்கில் ஒரு சிவந்த அத்திப்பழம் நுழைந்தது. அதன் பின்னால் ஒரு மஞ்சள் அலகு.

"நீங்களா!" நகோமி ஓங்கிய அலகைத் தாழ்த்தினாள். "சத்தமே கேக்கலையே!"

தீத்து பழத்தை அவள் வாயில் போட்டுவிட்டுத்தான் பேசினான்.

"அன்னைக்குக் காத்துல கிளை விழுந்து இறக்கை அடிபட்டுப்போச்சு, நகோமி. பறக்க முடியல. மலை முழுக்கக் கிளை கிளையாத் தத்தித்தான் வந்தேன். வாயில பழம், கத்திக் கூப்பிடவும் வழியில்ல! இன்னும் தொண்டை நிறையப் பழம் இருக்கு. ஒண்ணுகூட நான் தின்னல."

நகோமி தன் வாயிலிருந்த பழத்தைக் குஞ்சுக்கு ஊட்டினாள். பிறகு குஞ்சை முன்னே நகர்த்தி, அதன் தலையை இடுக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

கர்த்தருடைய வாக்குத் தாமதிப்பதாகத் தோன்றும் நாளில், அவசரப்பட்டு நாமே வழியை உடைத்துக்கொள்ளாமல் பொறுமையாய்க் காத்திருப்பதே விசுவாசம்.