நாரை வாத்தியாரின் துணைக்கருவி

ஒரு காட்டில், ஓடைக்கரை மருதமரத்தடியில், ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, குழந்தைகளே. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். உங்கள் பள்ளியில் பாடம் தவறினால் மதிப்பெண் குறையும். காட்டில் ஆளே குறைந்துபோகும்.

அங்கே வாத்தியாராக இருந்தவர் ஒரு நாரை. நெட்டைக் கால், நீளக் கழுத்து, அதைவிட நீளமான பேச்சு. தூரத்து ஏரிக்குப் போய், பாடம் நடத்தும் முறைகளைப் பற்றிப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண நாரையாகத்தான் போனார். வரும்போது நாரையாராக வந்தார். நாமும் அப்படியே அழைப்போம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

மாணவர்கள் எல்லாம் காட்டுக்கோழிக் குஞ்சுகள். அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது அவற்றின் தாய், செவலைக் கோழி.

"ஐயா, எங்க பக்கம் நரி நடமாட்டம் அதிகமாயிடுச்சு. போன தடவை பொரிச்ச குஞ்சுல பாதியை அதுதான் தின்னுச்சு. எனக்கு வேற எதுவும் வேணாம். நரியைக் கண்டா முள்ளுப் புதருக்குள்ள ஓடணும். அதை மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க."

"அதை நீயே சொல்லலாமே?"

"நான் சொன்னா எங்கே கேக்குதுங்க? வாத்தியார் சொன்னாத்தான் வேதவாக்கு."

அது கேட்க நாரையாருக்கு இனிமையாக இருந்தது. ஆனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லிக் கொடுப்பது பழைய முறை, அம்மா. இப்போதெல்லாம் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்" என்றார்.

"நரியையா?" என்று பதறியது கோழி.

"பாடக்கருத்தை" என்றார் நாரையார், பல்லைக் கடித்துக்கொண்டு. பல் இல்லாததால் அலகைக் கடித்துக்கொண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ஓடையில் ஒற்றைக் காலில் நின்று பாடத்தைத் திட்டமிட ஆரம்பித்தார். முதலில் ஆர்வமூட்டல். பிறகு ஆசிரியர் செய்து காட்டல். அதன் பிறகு மாணவர் பின்பற்றல். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பாடக்கருத்து. திட்டம் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்ததால், காலுக்கிடையே கெண்டை மீன்கள் போய்வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பட்டினியோடு, ஆனால் பெருமையோடு தூங்கப் போனார்.

மறுநாள் பாட்டு முறை. நரியைப் பற்றி ஒரு பாட்டு கட்டினார். 'ஓடு' என்ற சொல்லை வைத்துப் பார்த்தார். தாளத்தில் உட்காரவில்லை. 'வா வா' என்று போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

"நரியே நரியே வா வா, நாலு காலால் வா வா!" என்று குஞ்சுகள் ஆடிக்கொண்டே பாடின. மோனை எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று நாரையார் தாமே தலையாட்டி ரசித்தார்.

அடுத்து நாடக முறை. நரி வேஷம் கட்ட எல்லாக் குஞ்சுகளும் அடித்துக்கொண்டன. கோழி வேஷத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆகவே நரியும் நரியும் சந்தித்து நலம் விசாரித்துக்கொள்ளும் நாடகமாக அதை மாற்றி எழுதினார்.

அதற்கடுத்து குழு விவாதம். தலைப்பு: 'நரி நல்லதா, கெட்டதா?' நல்லது என்ற கட்சியே வென்றது. நரியை நெருக்கத்தில் பார்த்தவர்கள் யாரும் விவாதத்தில் கலந்துகொள்ளும் நிலையில் இல்லை.

தினமும் காலையில் முந்திரி என்ற குஞ்சுதான் முதலில் வந்து நிற்கும். எதிலும் முந்திக்கொள்வதால் அதற்கு அந்தப் பெயர். "ஐயா, இன்னைக்கு என்ன முறை?" என்று கேட்கும். நாரையாருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வீட்டில் தாய்க்கோழி மட்டும் வாசலிலேயே காத்து நின்றது. "ஓடணும்னு சொன்னாராடா?" என்று கேட்டது.

"அது கடைசியிலதாம்மா வரும். இன்னும் ஆர்வமூட்டலே முடியலை" என்றது முந்திரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளியை மேற்பார்வையிட ஓர் அண்டங்காக்கை வந்தது. மேலதிகாரி. மரத்தில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாட்டைக் கேட்டது. நாடகத்தைப் பார்த்தது. குஞ்சுகளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"எல்லாம் சரி. துணைக்கருவி எங்கே?"

நாரையார் சுற்றுமுற்றும் பார்த்தார். "துணைக்கருவி... செய்துகொண்டிருக்கிறேன், ஐயா."

"கையில் படமோ பொம்மையோ இல்லாமல் வெறும் வாயால் பாடமா? நாளைக்கும் வருவேன். துணைக்கருவி இல்லையென்றால் இந்த மரத்தடியில் வேறு வாத்தியார் நிற்பார்."

காக்கை பறந்துபோனது. இந்த மரத்தடி போய்விட்டால் நாரையார் மறுபடி வெறும் நாரைதான், தவளை பிடித்துத் திரிய வேண்டியதுதான். அவசர அவசரமாக ஓடைச் சேற்றில் அலகால் ஒரு நரியை வரைந்தார். "இது என்ன, சொல்லுங்கள்!" என்று குஞ்சுகளைக் கேட்டார்.

"எருமை, ஐயா!" என்றன எல்லாம் ஒரே குரலில்.

அவமானமாகப் போய்விட்டது. குஞ்சுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே நின்றார். அப்போது நாணல் விலகியது. உண்மையான நரி ஒன்று, வாலைச் சுருட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தது.

நாரையாரின் இறக்கைகள் தாமாக விரிந்தன. உடம்புக்குப் பாடம் தெரிந்திருந்தது.

"பயப்படாதீர்கள், ஐயா. அதிகாரி உங்களைப் பேசியதைக் கேட்டேன். மனசு கேட்கவில்லை" என்றது நரி. "இவ்வளவு பெரிய படிப்பாளி ஒரு துணைக்கருவிக்காகத் தவிக்கலாமா? படம் எதற்கு, அசலே இருக்கும்போது?"

அசல்! படத்தைவிடப் பொம்மை மேல், பொம்மையைவிட நேரடிப் பொருள் மேல் என்று பயிற்சியில் சொன்னது நாரையாரின் காதில் ஒலித்தது. விரிந்த இறக்கைகள் பாதியிலேயே நின்றன.

"ஆனால் நீ நரி அல்லவா?"

"வெளியே நரி. உங்கள் மரத்தடிக்குள் வந்துவிட்டால் துணைக்கருவி. கரும்பலகை யாரையாவது கடித்திருக்கிறதா, ஐயா?"

நாரையார் நன்றாக யோசித்துப் பார்த்தார். கரும்பலகை கடித்ததாக அவருக்கு நினைவில்லை. இறக்கைகளை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பு களைகட்டியது. நடுவில் நரி, சுற்றிலும் குஞ்சுகள், மேல் கிளையில் அண்டங்காக்கை. "நரியே நரியே வா வா!" என்று குஞ்சுகள் பாடியதும் நரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை அன்பாக அதை யாரும் சாப்பாட்டுக்கு அழைத்ததில்லை.

"இப்போதுதான் வகுப்பு வகுப்பாக இருக்கிறது" என்றது காக்கை. நாரையாருக்கு மார்பு விம்மியது.

"ஐயா, ஒரு சின்ன யோசனை" என்றது நரி பணிவாக. "பல்லைப் பற்றி வாயால் சொன்னால் போதுமா? தொட்டுப் பார்த்தால்தானே மனதில் நிற்கும். ஒவ்வொருவராக வந்து என் வாய்க்குள் தலையை விட்டுப் பார்க்கட்டுமே."

முந்திரி ஒரே ஓட்டமாக முன்னால் வந்து நின்றது. நரி வாயைத் திறந்தது.

"நில்!" என்று அதட்டினார் நாரையார்.

குஞ்சுகள் திடுக்கிட்டன. நரியும் திடுக்கிட்டது. கிழவனுக்குப் புத்தி வந்துவிட்டதோ என்று அது பயந்துபோனது.

"செய்து காட்டாமல் பின்பற்றலா? என்ன ஒழுங்கு இது!" என்றார் நாரையார். "முதலில் ஆசிரியர். பிறகுதான் மாணவர்."

நரி அவருடைய நீண்ட கழுத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தது. "முறைதானே முக்கியம், ஐயா" என்றது.

நாரையார் காக்கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கழுத்தை வளைத்து, தலையை நரியின் வாய்க்குள் விட்டார். வாய் மூடிக்கொண்டது.

உள்ளே கும்மிருட்டு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. பல் கழுத்தில் பதிந்ததும்தான் துணைக்கருவிக்கும் நரிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உறைத்தது. இறக்கைகளைப் படபடவென்று அடித்தார். ஒரு காலைத் தூக்கி உதைத்தார்.

குஞ்சுகளும் இறக்கைகளைப் படபடவென்று அடித்தன. ஒரு காலைத் தூக்கி உதைத்தன.

"பலே! மாணவர் பங்கேற்பு பிரமாதம்!" என்றது காக்கை. வேறு பள்ளிகளையும் பார்க்க வேண்டியிருந்ததால் உடனே பறந்துபோனது.

"ஐயா, உள்ளே என்ன தெரியுது?" என்று கேட்டது முந்திரி.

'ஓடுங்கள்! புதருக்குள் ஓடுங்கள்!' என்று நாரையார் உயிரைக் கொடுத்துக் கத்தினார். வெளியே கேட்டதெல்லாம் "ம்ம்ம்" என்ற முனகல்தான்.

"ம்ம்ம்" என்று குஞ்சுகள் சேர்ந்து சொன்னன.

நரி கெட்டிக்கார நரி. கழுத்தை முறிக்காமல், இறுக்கியும் இறுக்காமலும் கவ்விக்கொண்டு, தன் குகையைப் பார்த்துப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியது. இழுபட்டுப்போன நாரையாரின் இறக்கைகள் காற்றில் அடித்துக்கொண்டே போயின. பார்ப்பவர்களுக்கு யாரையோ கைகாட்டிக் கூப்பிடுவது போலவே இருந்தது.

"ஐயா நம்மளையும் வரச் சொல்றார்! இன்னைக்குக் களப்பயண முறை!" என்று கூவியது முந்திரி.

சருகுகள் சலசலத்தன. குட்டிக் குட்டிக் கால்களின் ஓசை பின்னாலேயே வருவது நாரையாருக்குக் கேட்டது. அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தம் உயிரைப் பற்றிய கவலைகூட அப்போது மறந்துபோயிற்று. ஒரே ஒரு வார்த்தை, அந்தத் தாய் கெஞ்சிக் கேட்ட வார்த்தை, அதைச் சொல்ல எத்தனை நாள் கிடைத்தது! இப்போது சொல்ல வாய் இல்லை.

இறக்கைகள்தானே இவற்றைக் கூப்பிடுகின்றன என்று அவருக்குத் தோன்றியது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, அடித்துக்கொண்டிருந்த இறக்கைகளை உடம்போடு ஒட்டி மடக்கினார். தப்பிக்க இருந்த கடைசி வழியையும் விட்டுவிட்டு, கட்டைபோல அசையாமல் கிடந்தார். இனி குஞ்சுகள் திரும்பிப் போய்விடும், கட்டாயம் போய்விடும் என்று நம்பினார்.

குஞ்சுகள் அதையும் கவனித்தன. தங்கள் இறக்கைகளையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டன. பிறகு வரிசை குலையாமல், ஒன்றன்பின் ஒன்றாக, குகைக்குள் நுழைந்தன.

நீதி: கற்பிக்கும் முறை எதுவாகவும் இருக்கட்டும், கற்பிக்க வேண்டியதை முதலில் கற்பித்துவிடு.