பனிக்காலம் கழிந்து மாற்றிய ஆயில்

பனிக்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த உலகநாதன், மௌன விரதத்தைக் கலைத்துப் பேசிய முதல் வார்த்தை "சாவி".

வண்டிச் சாவியைத்தான் கேட்டார். இமயமலையில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வாகனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் உண்டு. பனி கொட்ட ஆரம்பித்ததும் அதை மாட்டுக்கொட்டிலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். பாதை திறந்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள். பாதை திறந்தது முந்தாநாள்.

அன்று காலை ஜீப்காரன் காய்கறியோடு ஒரு சேதியும் கொண்டுவந்தான். கீழே ஊர்ச் சத்திரத்தில் ஒரு தமிழர் மனைவியோடு வந்து தங்கியிருக்கிறார். உலகநாதனைக் கேட்கிறார். மூச்சிரைப்புக்காரர், இந்த உயரத்துக்கு ஜீப்பில்கூட ஏறி வர முடியாது. மதிய பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். பேர் பிச்சாண்டி.

பிச்சாண்டி உலகநாதனின் தம்பி. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அப்பா தவறியபோது உலகநாதன் சூரத்தில் ஜவுளி வியாபாரத்தில் இருந்தார். ரயில் பிடித்து, பஸ் பிடித்து கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தால், வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்து முடித்துவிட்டான். அன்றைக்குத் தெருவில் நின்று ஏசியதோடு சரி, அப்புறம் அவன் முகத்தில் இவர் விழிக்கவில்லை.

அந்தக் கோபத்தைத் தொலைக்கத்தான் மலையேறி வந்தார். குருவாக வாய்த்தவர் செண்பகத்தம்மா. இவரைவிடப் பத்து வயது சிறியவர், அதே திருநெல்வேலிச் சீமைக்காரர். சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடும் குரு வேறு எங்கே கிடைப்பார்?

"எல்லாம் அடங்கிருச்சும்மா. தம்பி மேல ஒரு பொட்டுக் கோபம் இல்ல. போய் அவன் கையப் பிடிச்சு நாலு வார்த்த பேசிட்டு வந்திருதேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். சாவி அம்மாவின் மடியிலேயே இருந்தது.

"முதல்ல ஆயில மாத்துங்க அண்ணாச்சி."

உலகநாதனுக்குச் சுருக்கென்றது. மௌனத்தில் பழுத்தவர் அல்லவா, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கொட்டிலுக்குப் போய்த் தார்ப்பாயை உருவினார். எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. மாற்றவே வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று, பின்னாலேயே வந்த அம்மாவிடம் காட்டினார்.

"மேல அப்படித்தான் இருக்கும்."

சரி, சட்டுப்புட்டென்று முடித்துவிடுவோம் என்று, எஞ்சினுக்கு அடியில் சட்டியை வைத்து நட்டைக் கழற்றினார். குளிரில் உறைந்து கிடந்த ஆயில் ஜவ்வாக இழுத்துக்கொண்டு இறங்கியது. சட்டி பாதி நிறையும் முன்பே நின்றும் போனது. நிறம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. உலகநாதன் திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, நட்டை மாட்டி, வடிந்ததைத் திரும்ப ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டுமாம்.

"கொட்டப் போற ஆயில எதுக்கும்மா சூடாக்கணும்? பஸ்ஸுக்கு நேரமாகுது."

"அடியில படிஞ்சது அசையணும்லா."

உலகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். அம்மா சாவியைப் போட்டுத் திருகினார். மாதக்கணக்கில் நின்ற வண்டி லேசில் கிளம்புமா? உதைத்து உதைத்து உலகநாதனுக்கு முட்டி கழன்றது. ஒருவழியாக இருமிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. வெயில் கொட்டில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. கீழே இறங்கும் பாதையையே பார்த்துக்கொண்டு அவர் நின்றார். இன்றைக்குத் தம்பியை விட்டால் இனி எங்கே பார்ப்பது என்று பயந்தார்.

அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். அப்பா தவறியது எந்த மாதம் என்று விசாரித்தார். சித்திரை என்றார் உலகநாதன்.

"நல்ல வெயில் காலம்."

"ஆமா."

"நீங்க வந்து சேர ரெண்டு நாள் ஆயிருக்கு. அந்த வெயில்ல எத்தன நேரம் போட்டு வைக்க முடியும்? தம்பி செஞ்சது சரிதான்."

உலகநாதனுக்குக் காது மடல் சுட்டது. ஐஸ் பெட்டி வைத்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்.

"ஊர்ல ஆளாளுக்கு நெருக்கியிருப்பாங்க. பாவம், தம்பி தனியா என்ன செய்வாரு?"

"பாவமா? அவனா பாவம்?"

அவ்வளவுதான். கையிலிருந்த ஸ்பானர் பறந்து போய்ச் சுவரில் அடித்தது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. மூத்தவன் நான் உயிரோடு இருக்கும்போது அவன் எப்படிக் கொள்ளியைத் தொடலாம் என்று ஆரம்பித்தவர், தம்பியை ஏசினார், தம்பி பெண்டாட்டியை ஏசினார், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளை எல்லாம் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒரு பனிக்காலத்து மௌனம் முழுவதும் அந்தக் கொட்டிலில் சிதறிக் கிடந்தது.

மூச்சு வாங்கி நிறுத்தியபோது எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா கையை நீட்டி வண்டியை அணைத்தார்.

"சூடாயிருச்சு. இப்பக் கழட்டுங்க."

உலகநாதன் போய் ஸ்பானரைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நட்டு கழன்றதும் ஆயில் குபுகுபுவென்று கொட்டி அவர் விரலைச் சுட்டது. கறுப்பு. தார் போலக் கறுப்பு. அதோடு மணல் மணலாகக் கசடு. காலையில் தேன் நிறத்தில் பார்த்தது இதைத்தானா என்று அவரால் நம்ப முடியவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டம் மெலிந்து, சொட்டத் தொடங்கியது. யாரும் கேட்காமலே அவர் பேசினார்.

"தம்பி அதுக்கு முன்னாடியே ஒருதடவ போன் பண்ணினாம்மா. அப்பா உயிரோட இருக்கும்போதே. அண்ணே, அப்பா உன்னையே கேக்காரு, உடனே வான்னான்."

அம்மா குனிந்து சட்டியை நேராக நகர்த்தி வைத்தார்.

"சரக்கு வந்து இறங்குற நேரம். அடுத்த வாரம் வாரேன்னு சொல்லிட்டேன்."

கடைசிச் சொட்டு விழ வெகுநேரம் ஆனது.

"அன்னைக்குத் தெருவுல வச்சு அவன அத்தன ஏச்சு ஏசினேன். அவன் தலையக் குனிஞ்சுகிட்டே நின்னான். நான் போன்ல சொன்னத ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

அம்மா நட்டைத் துணியால் துடைத்து அவரிடம் கொடுத்தார். அவர் அதை முடுக்கினார். புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினார். வேலை முடிந்தது. ஆனால் வண்டிப் பக்கம் போகாமல், அழுக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார். கண் கலங்கி, முகமெல்லாம் கறுப்புத் தீற்றலாக இருந்தது.

"நான் போகலம்மா. காலையில போயிருந்தா நல்லபடியா சிரிச்சுப் பேசிட்டு வந்திருப்பேன். இப்ப அவனப் பாத்தா வாயில என்ன வரும்னே தெரியல. அடுத்த வருஷம் பாக்கலாம். எல்லாம் அடங்கட்டும்."

அம்மா எழுந்து வந்து சாவியைத் திருகி ஓர் உதை உதைத்தார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினார்.

"சூடு ஆறதுக்குள்ள போங்க அண்ணாச்சி."