பத்தாயிரத்தைத் தாண்டாத விடை

வெகுகாலத்துக்கு முன்னால் கூவளநாட்டைத் திருமேனிராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மதியச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுகிறவன். ஒருநாள், பெரிய ஏரிக்கு மேற்பார்வையாளரைத் தேர்வு வைத்து எடுப்போம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் கதவு திறந்தது. அதற்கு அவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கதவு வழியே மண் சுமப்பவர்கள் தெருவிலிருந்து அங்காயி வந்தாள். முந்தின மழையில், கரை விரிசல் விட்டிருக்கிறது என்று அவள் தெருவார் கெஞ்சியதைப் பழைய மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரை சரிந்து ஐந்து பேர் புதைந்தார்கள். அந்த மேற்பார்வையாளர் அரண்மனைக் கணக்காயர் ஞானவரோதயரின் மைத்துனர். இப்போது அதே வேலைக்குக் கணக்காயரின் மருமகன் வந்து உட்கார்ந்திருந்தான்.

இருபது கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் ஓலையில் இருக்கும்; சரியானதன்மேல் மஞ்சள் பொட்டு வைக்க வேண்டும். ஓட்டைக் கிண்ணம் நீரில் மூழ்குவதற்குள் முடிக்க வேண்டும். மருமகன் நான்காவது கணக்கில் வியர்த்துக்கொண்டிருந்தபோது கிண்ணம் பாதிதான் நிறைந்திருந்தது. அங்காயி இருபதையும் முடித்துவிட்டு எழுந்தாள். எல்லாம் சரி.

ஞானவரோதயருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, இவள் கணக்கே போடவில்லை. பார்த்தாள், பொட்டு வைத்தாள். யாரோ விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார்.

"கணக்கை மோப்பம் பிடித்தாயா?" என்று அரசன் கேட்டான்.

"முப்பத்தொன்றைப் பத்தொன்பதால் பெருக்கச் சொன்னாங்க, மகாராசா. முப்பது, இருபதுன்னு வச்சுக்கிட்டேன். அறுநூறு வருது. ஓலையில அறுநூறுக்குப் பக்கத்துல ஐந்நூற்று எண்பத்தொன்பது ஒண்ணுதான் இருந்துச்சு. மத்ததெல்லாம் எங்கேயோ கிடக்கு. குழியைப் பார்த்ததும் இத்தனை கூடைன்னு சொல்லத் தெரியலைன்னா எங்க பொழப்பு ஓடாது."

அரசனுக்குக் குஷி பிறந்துவிட்டது. கணக்காயரே ஒரு கணக்குக் கொடுக்கட்டும் என்றான். அவள் வென்றால் ஏரி அவள் பொறுப்பு. தோற்றால் அந்தத் தெருவிலிருந்து இனி ஒருவரும் தேர்வுக்கு வரக்கூடாது.

உத்தேசக் கணக்கு பலிக்கக் கூடாதென்று ஞானவரோதயர் நான்கு விடைகளையும் நெருக்கி நெருக்கி எழுதினார். நாற்பத்தொன்பது பேர், ஆளுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கூடை; மொத்தம் எத்தனை? விடைகள்: 10,702, 10,712, 10,792, 10,802.

அங்காயி ஓலையைப் பார்த்தாள். பொட்டு வைக்கவில்லை. சபையில் சிரிப்புக் கிளம்பியது.

"நாலும் தப்பு, மகாராசா" என்றாள். "ஐம்பது பேர், ஆளுக்கு இருநூறுன்னு ரெண்டையும் கொஞ்சம் ஏத்தி வச்சுப் பார்த்தாலே பத்தாயிரம்தான் வருது. அசல் அதைவிடக் குறைஞ்சுதானே இருக்கணும்? இங்க நாலும் பத்தாயிரத்துக்கு மேல நிக்குது."

கணக்காயர் மூன்று தரம் பெருக்கிப் பார்த்தார். மூன்று தரமும் 9,702. அவசரத்தில் ஓர் ஆயிரம் கூடிப் போயிருந்தது. சபையில் எத்தனையோ பட்டம் வாங்கியவர்கள் இருந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அரசன் கேட்டான்.

"சீரங்காயி அக்கா. கரையில புதைஞ்ச அஞ்சு பேர்ல ஒருத்தி. நன்றின்னு சொல்றதுக்கு அவ இல்லை, மகாராசா. அதனால சபையில அவ பேரைச் சொல்லிடறேன்."

 அரசன் முத்திரை மோதிரத்தை அவளிடம் கொடுத்தான். ஞானவரோதயர் ஒருநாள் ஏரிக்கரையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கூடை மண் சுமக்க வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றான். அந்த உத்தரவை மட்டும் அவன் மாற்றவேயில்லை.

அறுபதாவது கூடையில் கணக்காயருக்குக் கால் மடங்கியது. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டார்.

அங்காயி குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு, ஐயா. உட்காருங்க."