பெட்டி விழுங்கிய பொட்டு

அந்தக் காலத்தில், கோழிக்கும் பெட்டிக்கும் பேச்சு இருந்தபோது, குஞ்சு பொரிக்கும் வீடு ஒன்றை நடத்திவந்த சென்னியப்பர் தம் மனைவி பாவாத்தாளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு சந்தை நாள் காலையில். அவள் தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பெயர்த்து, கட்டளைப் பெட்டியின் கண்ணாடியில் ஏழாவது வரிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஏழாவது அடுக்கு சூடேறிப் போச்சு. போயிக் கதவத் தொறந்து உடுங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"வெறும் நெத்தியோடயா போறே? பொட்ட எடுத்து வெச்சுக்கிட்டுப் போ புள்ள."

"நீங்க அங்க போயிப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிரும். வந்து எடுத்துக்கறேன். பொட்டு எங்க ஓடிப் போகுது?"

பொட்டு ஓடிப்போகவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டில் மொத்தம் இருபது அடுக்குகள். ஊர்க் கோழிகள் முட்டையிட்ட கையோடு அங்கே கொடுத்துவிட்டுக் குப்பை கிளறப் போய்விடும். மூன்று வாரம் அடைகாக்க எந்தக் கோழிக்கும் பொறுமையில்லாமல் போயிருந்த காலம் அது. முட்டைகளுக்குச் சூடு கொடுப்பது அடுக்கின் வேலை. சூடு கூடினதா குறைந்ததா என்று சொல்வது கட்டளைப் பெட்டியின் வேலை. கறுப்புக் கண்ணாடி முகமும் கீழே வரிசையாக எழுத்துக் கட்டைகளும் உள்ள பெட்டி. அரட்டையென்றால் குரலில் பேசும். வேலையென்றால் கண்ணாடியில் எழுதும். 'சூடு சொல்' என்று கட்டைகளைத் தட்டினால் போதும், இருபது வரிகளை மளமளவென்று எழுதிவிட்டு, அடியில் 'கட்டளை?' என்று கேட்டு நிற்கும். எல்லாம் வெள்ளை எழுத்து. நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே வெள்ளையில்தான் வரும்.

அந்த இருபதில் கெட்ட வரி எது என்று கண்டுபிடிப்பது பாவாத்தாளின் கண். அரிசியில் கல் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். உடனே பொட்டை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டுவாள். கூடத்திலிருந்து சென்னியப்பர் எட்டிப் பார்த்தால் போதும், பொட்டுத் தெரியும். நேராக அந்த அடுக்குக்குப் போய்க் கதவைத் திறந்து காற்றாட விடுவார். முப்பது வருஷம் இப்படியே போனது. அவர் வரிகளைப் படித்ததே இல்லை. பொட்டைத்தான் படித்தார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவினர்களும் போன பிறகு சென்னியப்பர் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தார். கண்ணாடியில் ஏழாவது வரிக்குப் பக்கத்தில் பொட்டு அப்படியே இருந்தது. அவள் கை கடைசியாக வைத்த பொருள். அதைப் பெயர்த்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. துணியால் கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைத்தார்.

ஆனால் முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கட்டளை தட்டுவார், நிமிர்வார், ஏழாவதில் பொட்டு நிற்கும். கால் தானாக ஏழாவது அடுக்குக்கு நடக்கும். அங்கே சூடு சரியாகத்தான் இருக்கும். கதவைத் திறந்து, அரை மணி நேரம் நின்று, சாத்திவிட்டு வருவார். இப்படி ஏழாவது அடுக்கு நாளெல்லாம் குளிர்ந்துகொண்டிருக்க, ஒரு நாள் நாலாவது அடுக்கு யாரும் பார்க்காமல் வெந்துபோனது. கறுப்புக் கோழி ஒன்றின் பன்னிரண்டு முட்டையும் போச்சு.

மறுநாள் காலை வெள்ளச்சி என்கிற கோழி விடுவிடுவென்று வீட்டுக்குள் வந்து, பெட்டிக்கு முன்னால் இருந்த முக்காலியில் ஏறி நின்றது.

"ஏனுங்ணா, உங்களுக்குக் கண்ணு ரெண்டா, ஒண்ணா?"

"ரெண்டுதான். ஏன்?"

"ரெண்டும் ஏழாவது அடுக்கையே பாத்துக்கிட்டிருக்குதாமே! என்ர முட்ட பன்னண்டாவதுல இருக்குதுங்க. பதினாலு. இன்னும் மூணு நாள்ல பொரியோணும். பொரிஞ்சா குஞ்சு. இல்லாட்டி என்னன்னு நான் சொல்லோணுமா?"

சென்னியப்பர் துணியை எடுத்துப் பொட்டைச் சுற்றிக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தப் பொட்ட எடுத்துப் போடுங்ணா. அதுதான் உங்களைக் கெடுக்குது." சொன்னதோடு நிற்காமல் வெள்ளச்சி கழுத்தை நீட்டிப் பொட்டைக் கொத்தப் போனது. சென்னியப்பர் சட்டென்று உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"அதத் தொட்டீன்னா கொழம்பு வெச்சிருவேன்."

"வெய்ங்க. யாரு அரைச்சுக் குடுப்பாங்க? அம்மிணி இருந்தாலாவது பயப்படலாம்."

சொன்ன பிறகுதான் கோழிக்கு நாக்கு உறுத்தியது. தலையைத் திருப்பிக்கொண்டு இறகைக் கோதியது. அப்போது பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது. அது எப்போதும் புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் பேசும்.

"ஐயா, தவறு என்னுடையதும்தான். எனக்கு ஒரே நிறம். அம்மா வந்து பொட்டு வைப்பார் என்ற தைரியத்தில் எல்லா வரியையும் ஒரே மாதிரி எழுதிப் பழகிவிட்டேன். கண்ணாடியின் மேல் ஒட்டிய சிவப்பு அங்கேயே நிற்கும். வரி மாறினால் அதனோடு நகராது. சிவப்பு எனக்குள்ளே இருந்தால், எந்த வரிக்கு வேண்டுமோ அந்த வரிக்கு நானே பூசிவிடுவேன்."

"உள்ள எப்பிடி வரும்?"

"பக்கத்தில் காற்றுப் போகும் துளை இருக்கிறதே, அதில் பொட்டைப் போட்டால் போதும்."

"போட்டாத் திருப்பிக் கெடைக்குமா?"

"கிடைக்காது ஐயா. கரைந்துவிடும்."

சென்னியப்பர் எழுந்து வெளியே போனார். தண்ணீர் தொட்டியைக் கழுவினார். கழுவிய தொட்டியையே இன்னொரு முறை கழுவினார்.

அடுத்த நாள் நடுப்பகல். வெயில் என்றால் வெயில், ஓட்டுக்கூரை படபடவென்று வெடிக்கிற வெயில். வெள்ளச்சி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணா! எங்கியோ ஒரு அடுக்கு வேகுதுங்க. வாசம் வருது. எதுன்னு பாருங்க, கும்புட்டுக்கறேன்!"

சென்னியப்பர் கட்டளை தட்டினார். இருபது வெள்ளை வரிகள் வந்து நின்றன. முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரிக்குள் வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. நான்கைப் படித்தாரா, விட்டாரா என்பது மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து வந்தார். விரல் பொட்டின்மேல் வந்து நின்றது. இதை ஒட்டியவள் இப்போது இங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாள். 'முட்டை வேகுதுங்க' என்றுதான் சொல்லியிருப்பாள்.

நகத்தால் பொட்டைப் பெயர்த்தார். ஒரு முறை பார்த்தார். துளைக்குள் போட்டார்.

பெட்டி ஒரு விக்கல் விக்கியது. அவர் கட்டளை தட்டினார். பதினொரு வரி வெள்ளையாக வந்தது. பன்னிரண்டாவது வரி, செம்பருத்திப் பூவைப் பிழிந்து எழுதின மாதிரி, ஜோராகச் சிவந்து வந்தது.

"வந்துருச்சு!" என்று கத்தினார்.

சொல்லி வாய் மூடவில்லை, பதின்மூன்றாவது வரியும் சிவந்தது. பதினான்கும். இருபது வரைக்கும். அடியில் வந்த 'கட்டளை?' கூடச் சிவப்பு. கண் சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னொரு முறை தட்டினார். இந்தத் தடவை முதல் வரியிலிருந்தே ஒரே சிவப்பு. கண்ணாடி முழுக்க ரத்தம் மாதிரி.

"ஐயோ, இருபதும் வேகுதே!" என்று வெள்ளச்சி முக்காலியிலிருந்து சரிந்து விழுந்தது.

சென்னியப்பர் ஓடினார். முதல் அடுக்கைத் திறக்கப் போனவர் கதவில் கை வைத்தபடி நின்றார். சூடு அளவாகத்தான் இருந்தது. இது வேகவில்லை. இருபதையும் திறந்தால் நன்றாயிருக்கிற முட்டையும் குளிர்ந்துபோகும். திரும்பி வந்து பெட்டியின் முன்னால் நின்றார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"அம்மா செய்ததைத்தான் ஐயா செய்தேன். பொட்டு வைத்தேன்."

சென்னியப்பரின் கண் ஏழாவது வரிக்குப் பக்கத்தில் போனது. பொட்டு இருந்த இடத்தில் பசை வட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அவள் கை ஞாபகம் வந்தது. ஒட்டுகிற கை அல்ல. அவர் அடுக்கைச் சரிசெய்துவிட்டு வரும்போதெல்லாம், கண்ணாடியிலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துகிற கை. ஒவ்வொரு தடவையும். முப்பது வருஷமாக. ஒரே ஒரு நாள்தான் எடுக்காமல் போனாள்.

"அவ வெக்கறதப் பாத்தியே, எடுக்கறதப் பாக்கலயா? வேல முடிஞ்சதும் எடுத்துருவாளே!"

பெட்டி யோசித்தது. "எடுத்தால் எங்கே வைப்பது ஐயா? அம்மாவுக்கு நெற்றி இருந்தது. எனக்கு இல்லையே."

"எங்கியும் வெக்க வேண்டாம். அந்த வரி முடிஞ்சதும், எடுத்துட்டேன்னு உனக்குள்ளயே சொல்லிக்கோ. ஒருத்தருக்கும் கேக்க வேண்டாம். அவளும் சத்தம் போட்டு எடுத்தவ இல்ல."

அவர் கட்டளை தட்டினார். பதினொரு வரி வெள்ளை. பன்னிரண்டாவது சிவப்பு. அதன் முடிவில் யாருக்கும் கேட்காமல் பெட்டி என்னவோ முணுமுணுத்துக்கொண்டது. பதின்மூன்றாவது வரி வெள்ளை. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளை.

சென்னியப்பர் நேராகப் பன்னிரண்டாவது அடுக்குக்குப் போனார். கதவைத் திறந்தார். ஈரத்துணியை விசிறினார். பின்னாலேயே வந்த வெள்ளச்சி தன் இரண்டு இறக்கைகளாலும் விசிறியது.

மூன்றாம் நாள் பதினாலில் பதின்மூன்று பொரிந்தன. வெள்ளச்சி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பெட்டிக்கு நன்றி சொல்ல வந்தது. குஞ்சுகளைப் பார்த்ததும் பெட்டிக்கு ஆசை வந்துவிட்டது.

"இந்த மஞ்சளில் கொஞ்சம் கிடைக்குமா? சூடு ஏறுவதற்கு முன்னாலேயே ஜாக்கிரதை என்று சொல்ல உதவும்."

"எடுத்துக்க சாமி. பெருசானா இவிங்களுக்கு எப்பிடியும் போயிர்ற நெறந்தான். ஆனா ஒண்ணு, பன்னண்டாவது அடுக்குன்னு எழுதறப்ப மட்டும் நல்லாத் தடிமனா எழுதோணும். யாரோட அடுக்குன்னு ஊருக்குத் தெரியோணும்."

பெட்டி தடித்த எழுத்தில் எழுதிக் காட்டியது. அதுவும் போதாமல் வெள்ளச்சி கண்ணாடி மேல் ஏறி, அந்த வரிக்கு அடியில் நகத்தால் ஒரு கோடு இழுத்தது. பெட்டி அதையும் கற்றுக்கொண்டது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது பிடிவாதமாக இருந்தது: கூடத்து மின்விசிறியைச் சுழற்றும் விசிறிப் பெட்டிக்குச் சேதி அனுப்பும்போது எந்த நிறமும் பூசாது. ஏன் என்று சென்னியப்பர் கேட்டார்.

"பொட்டு பார்ப்பவர்களுக்குத்தானே ஐயா? விசிறிக்கு ஏது கண்?"

சென்னியப்பர் சிரித்தார். பாவாத்தாள் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வெள்ளச்சி அதைக் கவனித்தது.

அந்தப் பெட்டியைப் பார்த்து மற்றப் பெட்டிகளும் பழகிக்கொண்டன. அன்று முதல்தான், எந்த ஊரில் எந்த வேலைக்கு வைத்திருந்தாலும், கறுப்புத் திரையில் வரிவரியாகப் பேசுகிற பெட்டிகள் கெட்ட சேதியைச் சிவப்பில் எழுதுகின்றன. அந்த வரி முடிந்த இடத்தில், யாருக்கும் தெரியாமல், நிறத்தை எடுத்தும்விடுகின்றன. எடுக்க மறந்த பெட்டி இன்றைக்கும் முகமெல்லாம் சிவந்துபோய்த்தான் நிற்கிறது.

சென்னியப்பரின் பெட்டிக் கண்ணாடியில், ஏழாவது வரிக்குப் பக்கத்தில், பசை ஒட்டிய ஒரு சின்ன வட்டம் இருக்கிறது.