முள்முருங்கை சுமந்த உயிர்கள்

காட்டாற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே புள்ளியன் என்ற நட்சத்திர ஆமையும், குறுவாலி என்ற முயலும் அதன் குட்டிகளும், தலையாட்டி என்ற ஓணானும் குடியிருந்தன.

போன மாதம் அடித்த காற்றில் திட்டிலிருந்த முள்முருங்கை மரம் முறிந்து சாய்ந்துவிட்டது. அதை ஒட்டி, என்றோ விழுந்த கருங்காலிக் கட்டை ஒன்றும் கிடந்தது.

அந்த முள்முருங்கை என்றாலே புள்ளியனுக்கு இளக்காரம்.

"வெளியே முள்! உள்ளே வைரம் பாய்ந்த கட்டையே கிடையாது! நகம் பட்டாலே உதிர்கிறது. இதெல்லாம் ஒரு மரமா?"

கிளையில் உட்கார்ந்திருந்த குக்குறுவான் பறவைக்குப் பொறுக்கவில்லை.

"என் குஞ்சுகள் இதன் பொந்தில்தான் வளர்ந்தன! மெத்தென்ற மரமாக இருக்கப் போய்த்தான் என் அலகால் குடைய முடிந்தது!"

புள்ளியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒருநாள் மலையில் கொட்டித் தீர்த்தது மழை. ஆறு பொங்கித் திட்டைச் சூழ்ந்தது. புள்ளியன் தரையில் வாழும் ஆமை, நீந்தத் தெரியாது.

"கருங்காலிமேல் ஏறுங்கள்! இடியே விழுந்தாலும் அசையாது!" என்று கத்தியது தலையாட்டி.

எல்லாரும் அதன்மேல் ஏறினார்கள். கட்டை அசையவில்லைதான். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. முயல்குட்டிகளின் வயிறு நனைந்தது.

"ஐயோ, இது மிதக்கவில்லையே!" என்று அலறியது குறுவாலி.

"அது கல் மாதிரி கனம், எப்படி மிதக்கும்?" என்று குக்குறுவான் கூவியது. "முருங்கைக்கு வாருங்கள்! நான் கொத்திப் போட்ட சிராயெல்லாம் பஞ்சாட்டம் ஆற்றில் மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்!"

முருங்கை அதற்குள் எழும்பி ஆடத் தொடங்கியிருந்தது. முயல்கள் தாவின. ஓணானும் தாவியது. புள்ளியன் மட்டும் ஏறப் பார்த்து ஏறப் பார்த்து வழுக்கியது. கடைசியில் அதன் நகம் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது! அந்தப் பிடியில் அது தொங்க, குறுவாலி அதன் முதுகோட்டைப் பற்றி மேலே இழுத்தது. வெள்ளம் மரத்தை அடித்துக்கொண்டு போனது. இத்தனை பேர் ஏறியும் அது முழுகவில்லை. வளைவில் இருந்த நாணற்காட்டில் மோதிக் கரை ஒதுங்கியது.

மற்றவர்கள் இறங்கி ஓடினார்கள். புள்ளியன் மட்டும் மரப்பட்டையில் தலை வைத்து அழுதது.

"உன்னை எவ்வளவு பேசினேன்! ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் என்னைச் சுமந்தாயே, தாயே!"

வெள்ளம் வடிந்தபோது மரத்தின் முறிந்த முனை சேற்றில் பதிந்திருந்தது. புள்ளியன் தன் ஓட்டால் அதைச் சுற்றி மண்ணைத் தள்ளியது. முயல்கள் பின்னங்காலால் மண் அணைத்தன. தலையாட்டி அதன்மேல் ஊர்ந்த பூச்சிகளைப் பிடித்துத் தின்றது.

சில வாரங்களில், "துளிர் விட்டிருக்கு! துளிர் விட்டிருக்கு!" என்று குதித்தன குட்டிகள்.

மரம் வேர் பிடித்தது; காலம் போகப் போக, துளிர்கள் கிளைகளாக நிமிர்ந்தன. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ பூத்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் மேயப் போகுமுன் புள்ளியன் அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகும்.

லேசானது என்று எதையும் இகழக் கூடாது. ஆபத்தில் சுமந்தவரை ஒருநாளும் மறக்கக் கூடாது.